கஞ்சி வேகிற நேரம்

மகள் யதுர்ஷிகா வேலை செய்யும் எரிமலையை ஜெகதீஸ்வரி முதன்முதலாகப் பார்த்தது அக்கராயனில் தன் குசினிக்குள் நின்றுகொண்டுதான். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. போனை உப்புப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டு அரிக்கன்சட்டியில் அரிசி அரித்துக்கொண்டிருந்தவள், மகள் "இப்ப பாருங்கோ அம்மா" என்றதும் ஈரக் கையோடு குனிந்து பார்த்தாள். ஜப்பானின் தென்கோடியில் ஒரு தீவு. கறுத்த மலை. உச்சியில் நனைந்த விறகு புகைவது போல ஒரு வெள்ளைப் புகை. அவளுக்கு அதைப் பார்க்கப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. மலைக்கு முன்னால் புல்லில் நின்ற ஒரு சின்ன ஹெலிகொப்டர் கிளம்பியபோதுதான் அவளுடைய கை சட்டிக்குள்ளேயே நின்றுவிட்டது.

ஆள் ஏறாத ஹெலிகொப்டர் அது. அதன் வயிற்றிலிருந்து ஒரு நீளக் கயிறு தொங்கியது. கயிற்றின் நுனியில் ஒரு வெள்ளைக் குழாய். சத்தம் போனுக்குள்ளால் வந்தது. ஏற்ற இறக்கம் இல்லாமல், ஓயாமல், மண்டைக்குள் போய்க் குந்திக்கொள்கிற இரைச்சல்.

"உது வண்டு எல்லே," என்றாள் ஜெகதீஸ்வரி.

சண்டைக் காலத்தில் வன்னிக்கு மேலே சுற்றித் திரிந்த ஆளில்லாத வேவு விமானத்தைச் சனங்கள் வண்டு என்றுதான் சொன்னார்கள். வண்டு வந்து வட்டமடித்துவிட்டுப் போகும். பின்னாலே பீரங்கியின் செல் வரும்.

"வண்டில்லை அம்மா. இது சும்மா மலைக்குள்ள என்ன இருக்குதெண்டு பாக்கிறது."

"வண்டும் பாக்கத்தான் வந்தது," என்று சொல்லிவிட்டு அவள் அரிசியை உலையில் போட்டாள்.

அதற்குப் பிறகு கதைக்கும்போதெல்லாம் அவளே அந்தக் கதையை எடுத்தாள். பிடிக்காத ஒன்றைப் பற்றி முழுக்க விளங்கிக்கொண்டுதான் விடுவது அவளுடைய சுபாவம். யதுர்ஷிகாவும் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். மலைக் கல்லுக்குள் இரும்பு கலந்திருக்கிறது. அதனால் கல் மெல்லிய காந்தம் மாதிரி. ஆனால் நன்றாகச் சூடேறினால் அந்தக் காந்தம் இல்லாமல் போய்விடும். ஆறும்போது திரும்ப வரும். மேலே வரி வரியாகப் பறக்கவிட்டு, எங்கே காந்தம் இருக்கிறது, எங்கே இல்லை என்று அளந்துகொண்டே போனால், இல்லாத இடத்துக்குக் கீழே நெருப்புக் கிடக்கிறது என்று அறியலாம்.

"வயல் உழுகிற மாதிரி."

"ஓம், அப்பிடித்தான். வரி பிசகக் கூடாது."

"கயிறு என்னத்துக்கு?"

"ஹெலிகொப்டரிலயும் இரும்பு இருக்கெல்லே அம்மா. கிட்ட வைச்சால் மெசின் அதைத்தான் பாக்கும், மலையைப் பாக்காது."

"ஒருக்கா அளந்தால் காணாதோ? போனமுறையும் உதே மலைக்குத்தானே போனாய்?"

"காணாது, ஒருக்கா போதாது. சில வருசம் விட்டு அதே வரியில திரும்பப் பறக்கோணும். முந்திக் காந்தம் இருந்த இடத்தில இப்ப இல்லையெண்டால் நெருப்பு மேல வருகுது. அப்ப கீழ ஊரில இருக்கிற சனத்துக்கு நேரத்தோட சொல்லலாம், எழும்பிப் போங்கோவெண்டு."

"போவினமோ?"

"போவினம். பஸ் வரும்."

"குடுத்துவைச்ச சனம்," என்றாள் ஜெகதீஸ்வரி.

*

ஜெகதீஸ்வரியின் தகப்பன் கரவெட்டிப் பக்கத்திலிருந்து, குளத்தின் கீழ் காணி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அக்கராயனுக்கு வந்த ஆள். கிணற்றில் இறைத்துத் தோட்டம் செய்தவருக்கு வாய்க்காலில் வரும் தண்ணீரை நம்பவே கனகாலம் எடுத்தது. மகளுக்கு அது பிறப்போடு வந்தது. இன்றைக்கு ஆருடைய முறை, ஆர் களவாக மடையைத் திறந்தது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்தால் சும்மா இருக்கவும் மாட்டாள். கமக்காரர் கூட்டத்தில் ஆம்பிளைகளுக்கு நடுவே எழும்பி, "தவராசா அண்ணை, உங்கட வயலுக்கு மட்டும் தனியா மழை பெய்யுதோ? எங்கட வரம்பெல்லாம் வெடிச்சுக் கிடக்கு" என்று கேட்டவள். கூட்டம் சிரித்து அடங்கும்வரை நின்றுவிட்டுத்தான் இருந்தாள்.

கலியாணம் செய்தது பளையைச் சேர்ந்த தில்லைநாதனை. உழவு இயந்திரம் ஓட்டுகிறவர். வாய் திறவாத மனிதர். இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே கதைத்தாள். யதுர்ஷிகா பிறந்து கனகாலம் வேறு பிள்ளை தங்கவில்லை. பிறகு, ஊரே எழும்பி ஓடிக்கொண்டிருந்த மாரியில், விசுவமடுவில் மரத்தில் இழுத்துக் கட்டிய ஒரு தறப்பாளுக்குக் கீழே ஆண்குழந்தை பிறந்தது. பெயர் வைக்கிற சடங்கு ஒன்றும் நடக்கவில்லை. குட்டியன் என்று கூப்பிட்டார்கள்.

பிள்ளைப்பெற்ற தாயும் குழந்தையும் கிடக்கிற பாயில் ஒரு இரும்பு இருக்கவேண்டும். கண்ணுக்குத் தெரியாத எதுவும் கிட்ட வராது என்பது நம்பிக்கை. கத்தி வைப்பார்கள், இல்லாவிட்டால் பாக்குவெட்டி. ஜெகதீஸ்வரியிடம் தன் கலியாணத்துக்கு வந்த பாக்குவெட்டி இருந்தது. ஒவ்வொரு இடமாக எழும்பும்போதும் அலுமாரியை விட்டாள், கதிரைகளை விட்டாள், நெல்லை விட்டாள். பாக்குவெட்டி குழந்தையின் துணிக்குள் சுற்றியபடி கூடவே வந்தது.

புதுக்குடியிருப்புக்குக் கிழக்கே ஒரு தென்னங்காணியில் பல குடும்பங்களோடு அவர்களும் போய் இருந்தார்கள். ஒரு நாள் விடியவிலிருந்து வண்டு சுற்றியது. பிறகு செல் வந்தது. அவர்கள் பதுங்கியிருந்த பங்கர் குழிக்குப் பக்கத்தில் விழுந்த ஒன்று பங்கரின் ஒரு பக்க மண்ணை அப்படியே உள்ளே தள்ளியது. யதுர்ஷிகாவைத் தகப்பன் காலில் பிடித்து இழுத்தெடுத்தார். ஜெகதீஸ்வரி தானாக ஊர்ந்து வெளியே வந்தாள். கையில் குட்டியன் இருந்தான். உடம்பில் ஒரு கீறல் இல்லை. முகத்து மண்ணைத் துடைத்துவிட்டால் எழும்பிவிடுவான் போலக் கிடந்தான். அவள் கனநேரம் துடைத்தாள்.

பச்சைப்பிள்ளையை எரிப்பதில்லை. தில்லைநாதன் பங்கரோடு ஒட்டிய இடத்தில் மண்வெட்டியால் தோண்டினார். திரும்பவும் செல் வரத் தொடங்கியதால் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடத்தான் தோண்ட முடிந்தது. அவள் தன் சேலையில் பாதியைக் கிழித்துச் சுற்றி, தலைமாட்டில் பாக்குவெட்டியை வைத்தாள். மண்ணை மூடியபிறகுதான் அவளுக்கு நாய்களின் ஞாபகம் வந்தது. அந்த நாட்களில் ஊர் நாய்கள் புதுமண்ணைத் தேடித் திரிந்தன. நெருப்பெரிந்த இடத்தை நாய் கிண்டாது. ஆகவே அவள் தன் அடுப்புக் கல் மூன்றையும் தூக்கிக்கொண்டு வந்து குழிக்கு மேலே வைத்தாள். பழைய அடுப்புச் சாம்பலையும் அள்ளிக்கொண்டு வந்து கொட்டினாள். காலையில் அதில்தான் கஞ்சி காய்ச்சினாள்.

யதுர்ஷிகா கஞ்சியைக் குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் இருக்கோ என்று கேட்டாள். இருந்தது. கொடுத்தாள். வெயில் ஏறுவதற்குள் அந்த இடத்தையும் விட்டு எல்லோரும் எழும்பிவிட்டார்கள்.

செட்டிகுளத்து அகதி முகாமில் தில்லைநாதனுக்குக் காய்ச்சல் வந்தது. தகரக் கொட்டிலில் கிடந்து செத்துப்போனார். அதற்குப் பிறகு குழி இருந்த இடம் தெரிந்த ஆள் உலகத்தில் அவள் ஒருத்திதான். மகளுக்குத் தம்பி செத்ததும் தெரியும், பாக்குவெட்டி வைத்ததும் தெரியும். அடுப்பு விசயம் தெரியாது. சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை பிறகு கஞ்சியைத் தொட்டிருக்காது. அந்த மாதங்களில் கஞ்சியைத் தவிர வேறு ஒன்றும் இருக்கவுமில்லை. பிறகு சோறு வந்தது, பள்ளிக்கூடம் வந்தது, பல்கலைக்கழகம் வந்தது, ஜப்பான் வந்தது. சொல்வதற்கு ஒரு நாள் வரவில்லை.

*

அந்தக் காணி வீரகத்தி என்பவருடையது. மிதிவெடி எடுக்கிறவர்கள் வந்து, கயிறு கட்டி, முழங்காலில் இருந்து அங்குலம் அங்குலமாகத் தட்டி, கடைசியில் காணியை அவரிடம் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாசியிலும் ஜெகதீஸ்வரி பஸ் ஏறி அங்கே போவாள். வெறுங்கையோடு போகமாட்டாள். தன் வயல் அரிசி ஒரு பை கொண்டுபோய் வீரகத்தியின் மனுசியிடம் கொடுத்துவிட்டு, காணிக்குள் நடப்பாள். ஒரு தென்னைகூட மிஞ்சியிருக்கவில்லை. பங்கர்களை இயந்திரம் தள்ளி மூடியிருந்தது. எங்கே நின்று பார்த்தாலும் ஒரே செம்மண்ணும் நாயுருவியும்தான்.

முதல் வருசமே அவள் வீரகத்தியிடம் கேட்டாள். "அண்ணை, மண்ணுக்குள்ள இருந்த சாமான்களை அவை என்ன செய்தவை?"

"வெடிக்கிறதைக் கொண்டுபோய் வெடிக்க வைச்சவை. மற்ற இரும்பெல்லாம் அந்த மூலையில குவிச்சுப்போட்டுப் பிறகு லொறியில ஏத்திப்போட்டினம். சைக்கிள் செயின், மண்வெட்டி, சட்டி, ஆணி, எல்லாம் கிடந்தது. மெசின் கத்தினால் விடமாட்டினம் தங்கச்சி. சோடா மூடிக்கும் கத்தும்."

"பாக்குவெட்டி ஏதும்?"

வீரகத்தி அவளைப் பார்த்தார். அவருக்கு விசயம் தெரியும். "நான் குவியலைக் கிண்டிப் பாக்கேல்லை," என்றார்.

எடுத்திருந்தால் எலும்பையும் கண்டிருப்பார்கள், கண்டிருந்தால் சொல்லியிருப்பார்கள் என்று ஒரு மனம் சொன்னது. குழந்தையின் எலும்பு எவ்வளவு காலம் கிடக்கும், செம்மண்ணில் அது எங்கே தெரியப்போகிறது என்று இன்னொரு மனம் சொன்னது. இரண்டாவது மனம் சொல்வது சரியென்றால் பிள்ளை இரும்பில்லாமல் கிடக்கிறான். சந்தைக்குப் போய் ஒரு புதுப் பாக்குவெட்டி வாங்கி வைத்துக்கொண்டாள். எங்கே வைப்பது என்பதுதான் தெரியவில்லை.

கடந்த மாசியில் போனபோது காணியில் வரிசை வரிசையாகக் குச்சி நட்டிருந்தது. தென்னம்பிள்ளை வைக்கப்போவதாக வீரகத்தி சொன்னார். மழைக்கு முன்னம் பெக்கோ இயந்திரம் கொண்டுவந்து குழி வெட்டவேண்டும். பெக்கோவின் கை ஒரு முறை இறங்கினால் ஒரு ஆள் ஆழத்துக்கு மண் வரும்.

"உன்ர பிள்ளை கிடக்கிற இடத்தைக் காட்டு, அதை விட்டுட்டு வெட்டுறன்," என்றார். "காட்டாட்டில் நான் என்ன செய்ய? எனக்கும் வயசு போகுது. தென்னை காய்க்கிறதைப் பாக்கவேண்டாமோ."

அவர் சொன்னதில் பிழை இல்லை. அன்றிரவே அவள் மகளுக்குப் போன் எடுத்தாள்.

"நீ மலைக்குள்ள பாக்கிறாய். ஒரு முழத்துக்குக் கீழ பாக்க ஏலாதோ?"

"பாக்குவெட்டி அங்கயே இருந்தால் தெரியும் அம்மா," என்றாள் யதுர்ஷிகா. "எடுத்திருந்தால் தெரியாது."

"வந்து பார்."

*

யதுர்ஷிகா ஆவணியில் வந்தாள். ஊர் ஊராகத் திரிந்து பழகிய உடம்பு வீட்டில் தரிக்கவில்லை. விடியக் குளக்கட்டுக்குப் போவாள், வந்து தேத்தண்ணி குடிப்பாள், திரும்ப எழும்பி வாய்க்கால் வழியே போவாள். "உனக்குக் காலில என்ன சைக்கிள் சில்லோ பூட்டிக் கிடக்கு," என்று தாய் கேட்டாள். "உங்களிட்ட இருந்துதான் வந்தது," என்று சொல்லிவிட்டு மகள் திரும்பவும் வெளிக்கிட்டாள்.

அவளோடு படித்து இப்போது பல்கலைக்கழகத்தில் விரிவுரை எடுக்கும் நிருஷனிடம், கல்லுக்குக் கீழே தண்ணீர் தேடுவதற்கென்று வாங்கிய ஒரு கருவி இருந்தது. நாலு சிறகு வைத்த ட்ரோன், அதில் தொங்கவிடுகிற காந்தமானி. பறக்கவிடுவதற்கான அனுமதிகளையும் அவனே ஓடித்திரிந்து எடுத்தான். மூன்று பேருமாக வீரகத்தியின் காணிக்குப் போனபோது வெயில் இன்னும் சுடத் தொடங்கவில்லை. ஜெகதீஸ்வரியின் ஒரு கையில் அரிசிப் பை. மற்றக் கையில் தோல் கைப்பை.

நிருஷன் ட்ரோனை மண்ணில் வைத்தான். யதுர்ஷிகா அவன் கையிலிருந்த இயக்கும் பெட்டியைப் பார்த்து ஏதோ சொன்னாள். சிறகுகள் சுழன்றன. அது எழும்பியது.

ஜெகதீஸ்வரிக்கு அது வரும் என்று தெரியும். அதற்காகத்தான் கூப்பிட்டவள். ஆனாலும் சத்தம் தலைக்கு மேலே வந்ததும் கால்கள் அவளைக் கேட்கவில்லை. அரிசிப் பை விழுந்தது. காணிக்குக் குறுக்கே ஓடி, நாயுருவியை மிதித்து, ஓரிடத்தில் போய்ச் சடாரெனக் குந்தி இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டாள். பக்கத்துக் காணியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் தன் பிள்ளையை இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள். றோட்டில் சைக்கிளில் போன ஒருவர் இறங்கி, சைக்கிளைப் போட்டுவிட்டு, வேலியோரம் ஒதுங்கி மேலே பார்த்தார்.

"இறக்கு தம்பி," என்றார் வீரகத்தி. அவருடைய குரலும் சரியாக இருக்கவில்லை. "உதை இறக்கு முதலில."

இறக்கினான். யதுர்ஷிகா தாயிடம் ஓடிப்போனாள். ஜெகதீஸ்வரி அதற்குள் எழும்பி, சேலையில் ஒட்டிய முள்ளைத் தட்டிக்கொண்டு நின்றாள்.

"விசர் மனுசி எண்டு நினைக்கப்போறான் அந்தப் பெடியன்."

"இல்லை அம்மா. நான்தான் யோசிக்கேல்லை."

"வண்டு இல்லாமச் செய்ய ஏலாதோ?"

ஏலும் என்றாள் யதுர்ஷிகா. காணி சின்னது. பறப்பதற்குப் பதிலாக நடந்தால் போதும். நேரம்தான் எடுக்கும். நிருஷன் காந்தமானியைக் கழற்றி ஒரு பிவிசி குழாயின் நுனியில் கட்டினான். யதுர்ஷிகா கொண்டையூசியைக் கழற்றினாள், இடுப்புப் பட்டியைக் கழற்றினாள், சப்பாத்தையும் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு குழாயைத் தோளில் தூக்கிக்கொண்டாள். வீரகத்தியின் குச்சி வரிசைகளுக்கு இடையே உழுகிறவள் மாதிரிப் போனாள், திரும்பினாள், வந்தாள். ஜெகதீஸ்வரியும் கூடவே நடந்தாள்.

கொஞ்சத்தில் நிருஷன் கை காட்டி நிறுத்தினான். "எண்கள் எல்லாம் குழம்புது. அன்ரி, நீங்கள் ஏதும் இரும்பு வைச்சிருக்கிறீங்களோ?"

அவள் கைப்பையைத் திறந்து புதுப் பாக்குவெட்டியை எடுத்துக் காட்டினாள்.

"அதுதான். மெசின் நிலத்தைப் பாக்காமல் உங்களைத்தான் பாத்துக்கொண்டு வருது."

அவன் பகிடியாகத்தான் சொன்னான். அவளும் சிரிக்கப் பார்த்தாள். பிறகு பாக்குவெட்டியோடு வேலிக்கு வெளியே போய், மகள் வெயிலில் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த மெசினுக்குத் தெரிந்த ஒரே இரும்பு தன் கையில் இருப்பதுதானோ என்று அவளுக்கு ஒரு பயம் வந்தது.

*

வீரகத்தி வீட்டு மாமரத்துக்குக் கீழே ஒரு கதிரையில் மடிக்கணினியை வைத்துப் படத்தைத் திறந்தார்கள். காணி முழுவதும் ஒரு பச்சை விரிப்பு மாதிரித் தெரிந்தது. வேலிக் கம்பி ஓடிய ஓரத்தில் மட்டும் கறுப்பும் வெள்ளையுமாய்க் கிழிந்த மாதிரி ஒரு கோடு.

"இரும்பெண்டால் இந்த வேலி மாதிரிப் பளிச்செண்டு தெரியும்," என்றாள் யதுர்ஷிகா. விரலால் நடுக்காணியைத் தடவினாள். "இஞ்ச ஒண்டும் இல்லை. அவை ஒரு சின்ன ஆணியைக்கூட விட்டுவைக்கேல்லை அம்மா."

ஜெகதீஸ்வரி தலையாட்டினாள். ஒரு மனம் வெளியேறிப் போனது போல இருந்தது. மற்றது தங்கியது.

"அப்ப உந்தச் சிவப்புப் பொட்டுகள்?" என்று வீரகத்தி கேட்டார். பச்சைக்கு மேலே, அம்மாள் வருத்தத்தில் கொப்புளம் போட்ட உடம்பு மாதிரி, அங்கங்கே மங்கலாக வட்டங்கள் இருந்தன.

"அது இரும்பில்லை ஐயா. எரிஞ்ச மண். மலைக் கல்லு மாதிரித்தான் இந்த மண்ணும். நல்லாச் சூடேறி ஆறினால் காந்தம் பிடிச்சுக்கொள்ளும், பிறகு விடாது. மிதிவெடி மெசின் இதைப் பாத்துக் கத்தாது, அதால விட்டிட்டுப் போட்டினம்." அவள் ஒரு பொட்டில் விரலை வைத்தாள். "அடுப்புகள். இங்க இருந்த சனத்தின்ர அடுப்புகள்."

இத்தனை குடும்பமா என்பது போல வீரகத்தி குனிந்து பார்த்தார். ஜெகதீஸ்வரி மகளின் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

"பிள்ளை, நான் உனக்கு ஒண்டு சொல்லேல்லை."

"என்ன?"

"நாய் கிண்டிப்போடுமெண்டு அவனுக்கு மேல அடுப்பு வைச்சனான். அடுத்தநாள் கஞ்சி காய்ச்சினது அதிலதான்."

யதுர்ஷிகா தாயைப் பார்த்தாள். அவளுடைய முகத்தில் முதலில் எதுவுமே மாறவில்லை. பிறகு உதடு மட்டும் கொஞ்சம் அசைந்தது.

"நான் இரண்டாந்தரமும் வாங்கிக் குடிச்சனான்," என்றாள்.

"ஓம்."

"நீங்கள் குடிக்கேல்லை. ஏனெண்டு கேட்டனான். பசியில்லை எண்டனீங்கள்."

"ஓம் பிள்ளை."

நிருஷன் எழும்பிக் கிணற்றடிப் பக்கம் போனான். ஜெகதீஸ்வரி மகளின் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள். "அப்ப உந்தப் பொட்டில ஒண்டுதானே அவன்? பங்கருக்குப் பக்கத்தில. எது எண்டு சொல்லு."

யதுர்ஷிகா திரும்பவும் படத்தைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். கனநேரம் பார்த்தாள். கேட்கும்போது அவளுடைய குரல் வேலை நேரத்துக் குரலாக இருந்தது. எரிமலைக்குக் கீழேயிருக்கும் ஊர்க்காரரிடம் கேட்பதுபோல.

"அந்த அடுப்பு எவ்வளவு நேரம் எரிஞ்சது அம்மா?"

"ஒரு கஞ்சி வேகிற நேரம்."

"அதுக்குப் பிறகு?"

"அதுக்குப் பிறகு எழும்பிட்டமே."

யதுர்ஷிகா முகத்தைப் படத்துக்குத் திருப்பிக்கொண்டாள். ஆனால் ஜெகதீஸ்வரி பயிரின் முகத்தைப் பார்த்தே தண்ணீர் காணாதென்று சொல்லுகிறவள். மகளின் முகம் தெரியாதா.

"காணாதோ?"

"மற்ற ஆக்கள் கிழமைக் கணக்கில எரிச்சவை அம்மா. தினம் தினம். அப்பதான் மண் ஆழத்துக்கு வேகும். ஒரு கஞ்சிக்கு..."

"ஒரு கஞ்சிக்கு மண் ஞாபகம் வைச்சிராது."

"ஓம் அம்மா."

ஜெகதீஸ்வரி அவளுடைய கையை விட்டாள். மற்றவர்களின் அடுப்பெல்லாம் அந்தப் பச்சைக்கு மேலே சிவந்து கிடந்தன. யார் யாரோ. தேங்காய்ப்பூக் கடன் கேட்டு வந்த பெண், இருமிக்கொண்டே இருந்த கிழவர், இரட்டைப் பிள்ளைக்காரி. எல்லோருடைய அடுப்பும் இருந்தது. அவளுடையது மட்டும் இல்லை. அவளுடைய பழைய அடுப்புக்கூட அந்தப் பொட்டுகளுக்குள் எங்கோ இருக்கும். பிள்ளைக்கு மேலே வைத்ததுதான் இல்லை.

*

வீரகத்திதான் முதலில் வாய் திறந்தார். "தங்கச்சி, எல்லாப் பொட்டையும் விடச் சொன்னால் எனக்குக் காணியே இல்லை. ஒரு இடம் காட்டு. சரியோ பிழையோ, நீ காட்டிற இடத்தை நான் விடுறன். பெக்கோக்காரனுக்கும் சொல்லுறன்."

அவள் காணிக்குள் இறங்கினாள். காலையில் சத்தம் கேட்டுத் தான் ஓடிய வழி, மிதிபட்ட நாயுருவியில் இன்னும் தெரிந்தது. அதன் வழியே நடந்து, குந்திய இடத்தில் போய் நின்றாள். அப்போது அவள் பங்கருக்குத்தான் ஓடினாள். இத்தனை வருசம் கழித்து, பங்கர் இல்லாத காணியில், கால்கள் எதை நம்பி இங்கே கொண்டுவந்தன என்று அவளுக்குத் தெரியாது. சும்மா ஓடியும் இருக்கலாம்.

"இங்க படத்தில ஒண்டுமே இல்லை அம்மா," என்றாள் பின்னால் வந்த யதுர்ஷிகா. மெதுவாகத்தான் சொன்னாள்.

"அவன் கிடக்கிற இடத்தில ஒண்டும் இருக்காதெண்டு நீதானே சொன்னாய்."

ஒன்றுமில்லாத இடம் காணி முழுக்கக் கிடந்தது என்பது இரண்டு பேருக்கும் தெரிந்தே இருந்தது.

வீரகத்தி வந்து அந்த இடத்துக்குக் கிட்ட நின்ற குச்சியைப் பிடுங்கி வேலிக்கு வெளியே எறிந்தார். போய் மண்வெட்டி கொண்டுவந்தார். ஜெகதீஸ்வரி அவரை வெட்ட விடவில்லை. தானே வாங்கி, ஆழமாகப் போகாமல், மேல் மண்ணை மட்டும் விலக்கி, புதுப் பாக்குவெட்டியை வைத்து மூடினாள். கையால் தட்டிச் சமப்படுத்தினாள்.

"இனி மெசின் கொண்டுவந்தால் இந்த இடம் தெரியும்," என்றாள் யதுர்ஷிகா.

"இரும்பை இன்னொருத்தர் வந்து எடுத்துப்போடுவினம். எரிஞ்ச மண்ணை ஆர் எடுக்கிறது?" என்றாள் ஜெகதீஸ்வரி. "அண்ணை, உங்கட வீட்டில மூண்டு கல்லும் ஒரு சட்டியும் தருவீங்களோ? அரிசி நான் கொண்டுவந்தது கிடக்கு."

அவருடைய மனுசி சட்டியும் தண்ணீரும் கொண்டுவந்து தந்தாள். நிருஷன் கல் தூக்கினான். காய்ந்த தேங்காய்ப் பொச்சுமட்டை ஒரு ஓலைக் கடகம் நிறைய வந்தது. ஜெகதீஸ்வரி கல் மூன்றையும் வைத்து, குனிந்து ஊதி மூட்டினாள். பட்டப்பகல் வெயிலில் நெருப்புச் சரியாகத் தெரியவில்லை. சூடு மட்டும் முகத்தில் அடித்தது.

கஞ்சி கொதித்தது. அவள் மகளுக்கு ஒரு கோப்பையில் வார்த்துக் கொடுத்தாள். தனக்கும் வார்த்தாள். யதுர்ஷிகா கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மண்ணில் இருந்தாள். வாய்க்குக் கொண்டுபோனாள், திரும்ப இறக்கினாள்.

"ஆறப்போகுது பிள்ளை."

"ஓம் அம்மா."

ஜெகதீஸ்வரி தன்னுடையதைக் குடித்தாள். உப்புப் போடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. குடித்து முடித்துவிட்டு, அடுப்பைப் பார்த்தபடியே கேட்டாள்.

"இவ்வளவு எரிஞ்சது காணுமோ?"

யதுர்ஷிகா அடுப்பைப் பார்த்தாள். கல்லுக்கு நடுவே மண் அப்போதுதான் கறுக்கத் தொடங்கியிருந்தது.

"காணாது அம்மா. இன்னும் எரியோணும்."

கஞ்சி எப்போதோ வெந்துவிட்டது. ஜெகதீஸ்வரி கடகத்தைக் கிட்ட இழுத்து வைத்துக்கொண்டு, இன்னொரு பொச்சுமட்டையை எடுத்து உள்ளே தள்ளினாள்.